ஒரு பைசாவும் மாட்டு வண்டிகளும்

திருப்போரூர் என்ற பெயரிலேயே ஒரு போர் இருக்கிறது. முருகன் அசுரர்களோடு திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் விண்ணிலும் போரிட்டான் என்பது தலபுராணம். கந்தசுவாமி கோயிலைச் சுற்றிய கிராமங்களில் இன்னும் மிச்சமிருக்கும் கழனிகளில் மின்சார மோட்டார் ஓடுவதைப் பார்க்கலாம். அந்த மோட்டாருக்குக் கரண்ட் பில் கிடையாது. ரீடிங் எடுக்க யாரும் வருவதும் கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்கு மட்டும் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஆள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒரே கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தில் ஒன்றுக்குக் காசு, இன்னொன்றுக்கு இலவசம். இது அரசாங்கத்தின் கருணை என்று சிலரும், ஓட்டுக்காகச் செய்தது என்று சிலரும் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இதற்குப் பின்னால் இன்னொரு போர் இருக்கிறது. அது புராணத்தில் வருவதல்ல. 1970-ல் ஒரு யூனிட்டுக்கு இரண்டு பைசா ஏற்றியதில் தொடங்கிய போர். மின்கட்டண உயர்வை எதிர்த்து இந்தியாவில் நடந்தவற்றுள் இதுவே பெரிய எதிர்ப்புகளில் ஒன்று எனலாம்.

கவலையிலிருந்து மோட்டாருக்கு

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகள் நிறைந்த பூமி. ஏரி நீர் பாயாத மேட்டுநிலத்துக்குக் கிணற்றிலிருந்து ஏற்றம் போட்டு இறைத்தார்கள். கொங்கு நாடு அப்படியல்ல. மழை குறைவு, ஏரிகளும் குறைவு, கிணறுகளோ மிக ஆழம். அங்கே கவலை கட்டி, இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி ஏற, தோல் பையில் தண்ணீர் இறைப்பது வழக்கம். விடியற்காலையில் தொடங்கினால் மாடும் மனிதனும் களைத்து விழும்வரை இறைத்தாலும் கொஞ்ச நிலத்துக்குத்தான் தண்ணீர் பாயும்.

1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்த சமவெளிகளில் ஒன்று கோயம்புத்தூர். பஞ்சாலைகள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார்கள். அதே ஆண்டில் மேட்டூர் நீர்மின் நிலையமும் வந்தது. பிறகு பம்பும் மோட்டாரும் செய்வதே கோவையின் அடையாளமாகிப் போனது. கவலை மாடுகள் மெல்ல மெல்ல ஓய்வு பெற்றன.

1957-ல் சென்னை மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்டபின் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டு போவதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களை முந்தியது. 1970-களின் தொடக்கத்தில் சுமார் ஐந்து லட்சம் பம்புசெட்டுகள் இங்கே ஓடிக்கொண்டிருந்தன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு இல்லை. வாரியமே ஊர் ஊராகச் சென்று மின் இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஊக்குவித்த காலம் அது.

விவசாயி மோட்டார் வைத்தான். கடன் வாங்கித்தான் வைத்தான். மாடுகளை விற்றவனுக்கு மீண்டும் கவலைக்குத் திரும்ப வழியில்லை. இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருளை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலைக்கு ஒருவன் வந்தபிறகு அதன் விலையை ஏற்றினால், அவனால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. சண்டைதான் போட முடியும்.

இரண்டு பைசா பெரிய விஷயமா?

1970-ல் விவசாய மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தப்பட்டது. அப்போது ஆட்சியில் இருந்தது மு.கருணாநிதி தலைமையிலான திமுக அரசு. இரண்டு பைசாவுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நகரத்தில் இருப்பவருக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 3.75 யூனிட் செலவாகும். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 30 யூனிட். யூனிட் 8 பைசா என்றால் நாளுக்கு 2 ரூபாய் 40 காசு. 10 பைசா என்றால் 3 ரூபாய். 12 பைசா என்றால் 3 ரூபாய் 60 காசு. வருடத்தில் இருநூறு நாள் ஓட்டுகிறவனுக்கு முதல் விலையில் 480 ரூபாய், கடைசி விலையில் 720 ரூபாய். இரண்டே வருடத்தில் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு! ஆனால் அவன் விற்கும் பருத்திக்கும் மஞ்சளுக்கும் விலையை நிர்ணயிப்பது அவன் அல்ல.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கொங்குப் பகுதியில் மோட்டார்கள் பெருகப் பெருகக் கிணற்று நீர்மட்டம் கீழே போனது. நூறு அடியில் கிடைத்த தண்ணீர் நூற்றைம்பது அடிக்குப் போனால், அதே அளவு தண்ணீரை மேலே கொண்டுவர அதிக நேரம் மோட்டார் ஓட வேண்டும். அதாவது வாரியம் விலையை ஏற்றாவிட்டாலும் பில் ஏறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் விலையும் ஏறியது.

பெருமாநல்லூர், 1970

கோவைக்கு வடக்கே வையம்பாளையம் என்ற சிற்றூரைச் சேர்ந்த சி.நாராயணசாமி நாயுடு (1925 - 1984) என்ற விவசாயிதான் இந்த எதிர்ப்பை ஒரு சங்கமாகத் திரட்டினார். பெரிய படிப்போ, கட்சிப் பின்புலமோ, மேடைப் பேச்சுப் பயிற்சியோ அவருக்கு இல்லை. விவசாயிக்குப் புரியும் மொழியில், பைசாக் கணக்கில் பேசினார். அதுதான் அவருடைய பலம் என்று தோன்றுகிறது. பச்சைத் துண்டு இந்தச் சங்கத்தின் அடையாளமானது.

முதலில் மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். பலனில்லாமல் மறியலுக்கு இறங்கினார்கள். 1970 ஜூன் 19-ஆம் தேதி, அன்றைய கோவை மாவட்டத்தில் இருந்த (இன்று திருப்பூர் மாவட்டம்) பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கரண்ட் பில்லுக்காக உயிர் போன நாள் அது. பிறகு அரசு கட்டணத்தை ஒரு பைசா குறைத்தது. 10 பைசா 9 பைசாவானது.

மூன்று உயிர், ஒரு பைசா. இந்தக் கணக்கை அந்த வட்டாரத்து மக்கள் மறக்கவே இல்லை.

1972: கோவை நகரம் நின்றது

பிரச்சினை அத்தோடு முடியவில்லை. 1972-ல் கட்டணம் 9 பைசாவிலிருந்து 12 பைசாவாக உயர்ந்தது. இந்த முறை சங்கம் நன்றாகத் தயாராக இருந்தது. மின்கட்டணத்தோடு விவசாயக் கடன், விளைபொருள் விலை போன்ற கோரிக்கைகளையும் சேர்த்து அரசுக்குக் கெடு வைத்தார்கள். கெடு முடிந்ததும் நகரத்துக்குப் போகும் பாலையும் காய்கறியையும் நிறுத்தினார்கள். கிராமம் இல்லாமல் நகரம் எப்படி வாழும் என்று காட்டுவதற்காக.

அடுத்து வந்ததுதான் இன்றும் பேசப்படும் மாட்டு வண்டிப் போராட்டம். 1972 ஜூன் மாதத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவைக்குள் நுழைந்து முக்கிய வீதிகளை எல்லாம் நிறைத்தன. பஸ்ஸும் லாரியும் நகரவில்லை. எவ்வளவு எளிய ஆயுதம் பாருங்கள்! ஊர்வலத்தில் வரும் மனிதனைத் தடியடியில் கலைக்கலாம். நூற்றுக்கணக்கான மாடுகளையும் வண்டிகளையும் குறுகிய தெருவில் எப்படிக் கலைப்பது? மாடு மிரண்டால் போலீசுக்கும்தான் ஆபத்து. மாட்டை அவிழ்த்துவிட்டாலோ வண்டியை நகர்த்த ஆளில்லை. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இந்த வண்டிகளைப் பாட்டன் டாங்கிகளோடு ஒப்பிட்டு எழுதியது என்று கொங்குக் கிராமங்களில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1965 பாகிஸ்தான் போருக்குப்பின் பாட்டன் டாங்கி என்ற பெயர் குழந்தைக்கும் தெரிந்திருந்த நேரம் என்பதால் அந்த ஒப்பீடு மனதில் பதிந்துவிட்டது.

ஜூலை 5-ஆம் தேதி முழு அடைப்பு. அன்று பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் 15 விவசாயிகள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் விவசாயச் சங்கங்கள் ஆண்டுதோறும் உழவர் தினமாக அனுசரிக்கின்றன. அதன்பின் பேச்சுவார்த்தை நடந்தது. சிறையில் இருந்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கட்டணம் மீண்டும் ஒரு பைசா குறைந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பைசாக் கணக்கில் பார்த்தால் இந்தப் போராட்டம் தோல்விதான். 8 பைசாவில் தொடங்கியது இரண்டு வருடத்தில் 11 பைசாவில் வந்து நின்றது. ஆனால் இனிமேல் விவசாய மின்கட்டணத்தைத் தொடுவதற்கு எந்த முதல்வரும் இரண்டு முறை யோசிப்பார் என்ற நிலைமை உருவானது. பில் குறைந்ததைவிட அந்தப் பயம்தான் நீண்ட நாள் வேலை செய்தது.

பில்லைக் கட்டாமல் இருப்பது எப்படி?

மின்சாரம் தருபவரோடு சண்டை போடுவதில் ஓர் இயற்கையான சிக்கல் இருக்கிறது. கடைக்காரர் விலை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்வாரியத்துக்கு அடுத்த கடை கிடையாது. கட்டாவிட்டால் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார்கள், பயிர் காய்ந்துவிடும். தனி ஒருவன் கட்டாமல் இருந்தால் அவன் பாக்கிதாரன். ஊரே கட்டாமல் இருந்தால்தான் அது போராட்டம். நாராயணசாமி நாயுடு சங்கத்தின் வெற்றி இந்த இடத்தில்தான் இருந்தது. ஊர் முழுவதும் ஒன்றாக நின்றது.

ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிரிட்டனில் இதே யோசனை எழுந்தது. அங்கே பலர் கேஸ், மின்சாரக் கட்டணத்தை மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு ஆகும் என்று கம்பெனி மதிப்பிட்டு, அதைப் பன்னிரண்டாகப் பிரித்து எடுக்கும். 2022 ஏப்ரலில் விலை உச்சவரம்பு 54 சதவீதம் உயர்ந்தபோது, சில கம்பெனிகள் மாதத் தொகையை அதைவிடவும் அதிகமாக ஏற்றிவிட்டன. கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் விசாரித்ததில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மாதத் தொகை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது தெரியவந்தது. சரியான காரணம் காட்டாத கம்பெனிகள் அந்தக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

அந்தக் கோடையில் "கட்டாதே" என்ற பெயரில் ஓர் இயக்கம் கிளம்பியது. பத்து லட்சம் பேர் சேர்ந்தால் 2022 அக்டோபர் 1 முதல் எல்லோரும் வங்கி அனுமதியை ரத்து செய்வது என்பது திட்டம். பத்து லட்சம் சேரவில்லை. அதற்குள் அரசும் விலைக்கு ஒரு வரம்பு வைத்து மானியம் கொடுத்துவிட்டது. லண்டனில் தனித்தனி வீட்டில் தனித்தனி பில்லோடு உட்கார்ந்திருப்பவர்களை ஒன்றுசேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது இதில் தெரிந்தது. கொங்கு கிராமத்தில் ஒரே வாய்க்கால், ஒரே சந்தை, ஒரே டிரான்ஸ்பார்மர். சங்கம் கட்ட அவைகளே பாதி வேலையைச் செய்துவிட்டன.

இலவசம் வந்த வழி

1977-ல் எம்.ஜி.ஆர். முதல்வரானார். சங்கத்துக்கும் அரசுக்கும் இருந்த மோதல் தீரவில்லை. மின்கட்டணம், கடன் பாக்கிக்கு ஜப்தி என்று பிரச்சினை பெரிதாகி, 1978-லும் 1980-லும் மீண்டும் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. 1980-ல் ஐதராபாத்தில் பல மாநில விவசாயச் சங்கங்கள் கூடி பாரதிய கிசான் யூனியன் அமைத்தபோது நாராயணசாமி நாயுடுவையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கிராமத்து விவசாயிக்கு அது சாதாரண மரியாதை அல்ல. 1982-ல் சங்கத்தைக் கட்சியாக்கினார். அது பலிக்கவில்லை. சாலையை மறிக்க வந்தவர்கள் எல்லாம் ஓட்டுப் போடும்போது பழைய கட்சிகளுக்கே திரும்பிவிட்டார்கள். 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்காகப் போன இடத்தில், கோவில்பட்டியில், நாயுடு காலமானார்.

அதே 1984-ல்தான் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. மற்றவர்களுக்கு மீட்டர் கணக்கை விட்டுவிட்டு, மோட்டாரின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு தொகை வைத்தது. 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று அறிவித்தது. 1970-ல் இரண்டு பைசா ஏற்றிய அதே முதல்வர்தான் இருபது வருடம் கழித்து முழுவதையும் தள்ளுபடி செய்தார். வரலாற்றில் இப்படியும் நடப்பதுண்டு.

கொங்கு நாட்டில் சிந்திய ரத்தத்தின் பலன் இப்படித்தான் திருப்போரூர்க் கழனிக்கும் வந்தது.

வடக்கே, 1987-ல் உத்தரப் பிரதேச அரசு மோட்டார் கட்டணத்தைக் குதிரைத்திறனுக்கு 22 ரூபாய் 50 காசிலிருந்து 30 ரூபாயாக ஏற்றியபோது, மகேந்திர சிங் திகாயத் தலைமையில் விவசாயிகள் ஷாம்லி அருகே துணை மின் நிலையத்தை முற்றுகையிட்டார்கள். அங்கும் துப்பாக்கிச் சூடு, அங்கும் உயிரிழப்பு, அங்கும் கட்டணக் குறைப்பு. அதே கதை வேறு மொழியில்.

தமிழ்நாட்டில் இலவசத்தைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆட்சி ஜெயலலிதாவுடையது. 2003-ல் விவசாய இணைப்புக்கு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 250 ரூபாய் என்று கட்டணம் வந்தது. அந்தப் பணத்தை விவசாயிக்கே மணியார்டரில் திருப்பி அனுப்புவது என்றும் ஏற்பாடு செய்தார்கள். கட்டச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குப் பதில் வாங்காமலே இருக்கலாமே என்று கிராமத்தில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணி தமிழ்நாட்டில் 39 தொகுதிகளிலும் தோற்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே, அந்த மே மாதத்திலேயே, இலவச மின்சாரம் திரும்ப வந்துவிட்டது.

யார் கட்டுகிறார்கள்?

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. மீட்டர் இல்லாததால் எவ்வளவு மின்சாரம் வயலுக்குப் போகிறது என்று சரியாக யாருக்கும் தெரியாது, மதிப்பீடுதான். அரசு மானியம் தருகிறது, மீதி வாரியத்தின் கடனில் ஏறுகிறது. மோட்டாரை அணைக்க அவசரம் இல்லாததால் நிலத்தடி நீர் இன்னும் கீழே போனது. கிணறு உள்ளவனுக்குத்தான் இலவசம், அந்த நிலத்தில் கூலி வேலை செய்பவனுக்கு இதில் ஒன்றுமில்லை. 1970-ல் செத்தவர்கள் இலவசம் கேட்கவில்லை, நியாயமான விலை கேட்டார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டு இணைப்புக்காரர்களின் கதை வேறு. அவர்களுக்கு மாட்டு வண்டி இல்லை, சட்டம் இருக்கிறது. 1999-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2003 மின்சாரச் சட்டப்படி கட்டணத்தை ஏற்றுமுன் ஆணையம் மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். தனி பில்லில் தகராறு என்றால் அதே சட்டத்தின் 56-ஆவது பிரிவு உதவும். கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியில் கணக்கிட்ட தொகையையோ, இரண்டில் குறைவானதை "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. பிறகு மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே குறைதீர்ப்பாளர். கவுண்டரில் நின்று கத்திவிட்டு முழுத்தொகையையும் கட்டிவிட்டு வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய இடங்களில் ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. பலரும் எதிர்த்தே பேசினார்கள். செப்டம்பர் 10 முதல் கட்டணம் உயர்ந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக்கேற்ப உயர்த்தவும் வழி செய்யப்பட்டது. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது, 2024-ல் 4.83 சதவீதம் எல்லோருக்கும் ஏறியது. எங்கும் வண்டி மறிக்கவில்லை.

விவசாய இணைப்பைப் பற்றிய பயம் மட்டும் கிராமத்தில் அப்படியே இருக்கிறது. 2020-21-ல் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடுவதும் ஒன்று. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்பது அவர்கள் கணக்கு. தமிழ்நாட்டில் இலவச இணைப்புக்கு மனு கொடுத்துவிட்டுப் பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள் ஏராளம். 2021-ல் ஒரு லட்சம் புது விவசாய இணைப்புகள் தருவதாக அரசு அறிவித்தபோது அந்த வரிசை கொஞ்சம் நகர்ந்தது. திருப்போரூர்ப் பக்கத்திலோ பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கழனிகள் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. மோட்டார் ஓடிய கிணற்றை மூடி வீடு கட்டியவரின் புது மீட்டரில் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள்.